லாக்ஹீட் மார்ட்டின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃப்-35 போர் விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அதைச் செய்யும் நிறுவனத்தைப் பற்றியும் கேள்விகள் வந்துவிடும். கல்லூரி மாணவர்கள், பங்குச் சந்தையில் ஆர்வம் உள்ளவர்கள், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று பலர் என்னிடம் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை உட்கார்ந்து நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

லாக்ஹீட் மார்ட்டின் என்பது ஒரே ஆளின் பெயரா?

இல்லை. இரண்டு தனித்தனி நிறுவனங்கள் 1995 மார்ச்சில் ஒன்றானபோது வந்த பெயர். இரண்டின் வேரும் 1912இல், கலிஃபோர்னியாவில் இருக்கிறது.

ஆலன், மால்கம் என்ற சகோதரர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கடல் விமானம் கட்டினார்கள். அது 1913 ஜூனில் பறந்தது. அவர்களுடைய குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'லாக்ஹெட்', 'லஃப்ஹெட்' என்றெல்லாம் வரும். படிப்பவர்கள் எல்லோரும் தப்பாகவே உச்சரித்ததால், 1926இல் ஹாலிவுட்டில் புதிதாக நிறுவனம் தொடங்கியபோது உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்தையே மாற்றி 'லாக்ஹீட்' ஆக்கிவிட்டார்கள்.

இன்னொருவர் கிளென் மார்ட்டின். கார் விற்றுக்கொண்டிருந்தவர், தானே விமானம் கட்டி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் போயிங் நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் போயிங், விமானம் ஓட்டப் பழகியது மார்ட்டினின் பள்ளியில்தான். அவர் முதலில் வாங்கியதும் மார்ட்டின் விமானம்தான். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட 'எனோலா கே' போயிங் வடிவமைத்தது என்றாலும், அதைக் கட்டி முடித்தது ஓமஹாவில் இருந்த மார்ட்டின் தொழிற்சாலை.

இது அமெரிக்க அரசின் நிறுவனமா?

இல்லை, தனியார் நிறுவனம். நியூயார்க் பங்குச் சந்தையில் யார் வேண்டுமானாலும் இதன் பங்கை வாங்கலாம். தலைமையகம் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவில் இருக்கிறது. 2020 முதல் ஜிம் டைக்லெட் தலைமைச் செயல் அதிகாரி.

ஆனால் இந்தக் கேள்வி தப்பான கேள்வி இல்லை. 2024இல் இந்த நிறுவனம் விற்றது ஏறத்தாழ 7,100 கோடி டாலருக்கு. அதில் நூற்றுக்கு 73 பங்கு அமெரிக்க அரசிடமிருந்து வந்தது. மீதியில் பெரும்பகுதி வெளிநாட்டு அரசுகள் கொடுத்தது. வெளிநாட்டு விற்பனைக்கும் அமெரிக்க அரசு அனுமதி கொடுக்க வேண்டும். பல நேரம் அமெரிக்க அரசே நடுவில் நின்று வாங்கி விற்கிறது.

இந்த நிறுவனத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பேன். கடைக்கு ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளருக்கும் போக வேறு கடை கிட்டத்தட்ட இல்லை. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அடியில் இதுதான் இருக்கிறது.

இரண்டு நிறுவனங்கள் ஏன் ஒன்றாயின?

பனிப்போர் முடிந்தது, அதனால்தான். சோவியத் யூனியன் கலைந்ததும் ராணுவ பட்ஜெட் சுருங்க ஆரம்பித்தது. 1993இல் பென்டகனில் ஒரு இரவு விருந்து நடந்தது. ஆயுத நிறுவனங்களின் தலைவர்களைக் கூப்பிட்டு, துணைப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த வில்லியம் பெர்ரி விஷயத்தை நேரடியாகச் சொல்லிவிட்டார்: இத்தனை பேருக்கும் கொடுக்க எங்களிடம் வேலை இல்லை, நீங்கள் ஒன்றுசேர வேண்டியதுதான். அந்த விருந்துக்கு 'கடைசி இராப்போஜனம்' என்று பெயர் வைத்தவர் மார்ட்டின் மாரியெட்டாவின் (கிளென் மார்ட்டினின் நிறுவனத்துக்குப் பிற்காலத்தில் வந்த பெயர் இது) தலைவர் நார்மன் அகஸ்டின். அவர்தான் பிறகு லாக்ஹீடோடு இணைப்பை முடித்தவர்.

அந்த விருந்துக்குப் பிறகு அமெரிக்காவில் முன்னணி ஆயுத ஒப்பந்த நிறுவனங்கள் 51இலிருந்து 5 ஆகக் குறைந்ததாக 2022இல் பென்டகனே ஓர் அறிக்கையில் வருத்தப்பட்டது. லாக்ஹீட் 1993இல் 150 கோடி டாலர் கொடுத்து ஜெனரல் டைனமிக்ஸின் ஃபோர்ட் வொர்த் தொழிற்சாலையை வாங்கியது. எஃப்-16 அப்படித்தான் லாக்ஹீடுடையது ஆனது. 1996இல் லோரல் நிறுவனத்தின் ராணுவப் பிரிவை 910 கோடிக்கு வாங்கினார்கள். நார்த்ராப் குரும்மனையும் விழுங்கப் பார்த்தார்கள். 1998இல் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டு நிறுத்தியது. 2015இல் ஹெலிகாப்டர் செய்யும் சிகோர்ஸ்கியை 900 கோடிக்கு வாங்கினார்கள். ராக்கெட் எஞ்சின் செய்யும் ஏரோஜெட் ராக்கெட்டைனை வாங்கும் முயற்சிக்கு அரசு குறுக்கே நின்றதால் 2022இல் கைவிட்டார்கள்.

முதலில் ஒன்றுசேரச் சொன்னதும் அரசுதான், அப்புறம் போட்டி இல்லையே என்று கவலைப்பட்டதும் அரசுதான்.

'ஸ்கங்க் ஒர்க்ஸ்' என்கிறார்களே, அது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1943இல் ஜெர்மனி ஜெட் போர் விமானம் கட்டுகிறது என்று தெரிந்ததும், அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமாக ஒன்று தேவைப்பட்டது. கெல்லி ஜான்சன் என்ற பொறியாளர் 180 நாளில் தருகிறேன் என்றார். கலிஃபோர்னியாவின் பர்பேங்க் தொழிற்சாலையில் இடம் இல்லை. அதனால் பக்கத்தில் ஒரு கூடாரம் போட்டு, கைக்கு அடங்கிய ஆட்களை வைத்துக்கொண்டு, 143 நாளில் முடித்துவிட்டார். பக்கத்து பிளாஸ்டிக் தொழிற்சாலையிலிருந்து வந்த நாற்றத்துக்கு, அப்போது நாளிதழில் ஓடிய ஒரு சித்திரத் தொடரிலிருந்து ஒரு பொறியாளர் எடுத்துவிட்ட கேலிப் பெயர்தான் பிறகு 'ஸ்கங்க் ஒர்க்ஸ்' ஆனது.

ஜான்சனின் முறை எளிமையானது. ஆட்கள் குறைவு, காகிதம் குறைவு, வரைபவரும் இரும்பு வெட்டுபவரும் ஒரே கூரையின் கீழ். யு-2 உளவு விமானத்தைச் சொன்ன தொகையைவிடக் குறைவாகவே கட்டிக் கொடுத்தார்கள். இன்று எஃப்-35இன் கணக்கைப் பார்க்கும்போது அதே நிறுவனமா என்று மனசு கேட்கிறது.

எஸ்.ஆர்-71 'பிளாக்பேர்ட்' 1964 டிசம்பரில் முதலில் பறந்தது. ஒலியைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேகம். அந்த வேகத்தில் காற்று உரசி உடம்பு கொதிக்கும், அலுமினியம் தாங்காது. அதனால் பெரும்பகுதியை டைட்டேனியத்தில் கட்டினார்கள். அமெரிக்காவில் போதுமான டைட்டேனியம் இல்லை. வேறு நிறுவனங்களின் பெயரில், சோவியத் யூனியனிடமிருந்தே வாங்கினார்கள்! யாரை உளவு பார்க்கப் போகிறார்களோ அவர்களிடமிருந்தே உலோகம் வந்தது.

டைட்டேனியத்தோடு அவர்கள் பட்ட பாடு ஒரு துப்பறியும் கதை மாதிரி. சூடானதும் போல்ட்டுகளின் தலை கழன்று விழுந்தது. தேடித் தேடிப் பார்த்தால், மெக்கானிக்குகள் பயன்படுத்திய ஸ்பேனர்களில் காட்மியம் முலாம் இருந்தது. அந்த முலாம் பட்ட இடத்தில் டைட்டேனியம் கெட்டுப்போனது. டூல் பெட்டிகளைத் திறந்து அந்த ஸ்பேனர்களை எல்லாம் பொறுக்கி எறிந்தார்கள். இன்னொரு புதிர்: கோடையில் பற்றவைத்த பாகங்கள் சீக்கிரம் பழுதாயின, குளிர்காலத்தில் வைத்தவை நின்றன. காரணம் குழாய்த் தண்ணீர். பாசி பிடிக்காமல் இருக்க பர்பேங்க் நகரம் கோடையில் தண்ணீரில் குளோரினை அதிகமாகக் கலந்தது. அந்தத் தண்ணீரில் கழுவிய டைட்டேனியத்தைக் குளோரின் அரித்தது. வடித்த நீரில் கழுவ ஆரம்பித்த பிறகுதான் சரியானது.

வர்ஜீனியாவில் ஸ்மித்சோனியனின் விமான அருங்காட்சியகத்தில் நுழைந்து கீழே எட்டிப் பார்த்தால், எதிரில் முதலில் தெரிவது இந்தக் கறுப்பு விமானம்தான். 1990 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வாஷிங்டனுக்கு 64 நிமிடத்தில் பறந்து வந்து ஓய்வு பெற்றது அதே விமானம். கிட்டப் போய் நின்றால் அதன் நீளமும் ஒல்லியும் நம்மை அசையவிடாது.

யு-2 விமானம் இந்தியாவிலிருந்து பறந்தது உண்மையா?

உண்மை. 1960 மே 1ஆம் தேதி கேரி பவர்ஸ் ஓட்டிய யு-2வை சோவியத் ஏவுகணை வீழ்த்தியது பலருக்குத் தெரியும். அது கிளம்பியது பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து. இந்தியப் பக்கம் நடந்தது பலருக்குத் தெரியாது. 1962 சீனப் போரில் அடிபட்ட பிறகு, எல்லைப் படங்கள் நமக்கு அவசரமாகத் தேவைப்பட்டன. ஒடிசாவில் கட்டாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சார்பாட்டியா தளத்தைப் பயன்படுத்த இந்தியா அனுமதித்தது. 1964 மே மாதம், நேரு மறைவதற்கு மூன்று நாள் முன்பு, அங்கிருந்து ஒரு பறப்பு நடந்தது. 2013இல் சி.ஐ.ஏ. வெளியிட்ட ஆவணங்களில் இது இருக்கிறது. அணிசேராக் கொள்கையை உலகத்துக்குச் சொன்ன அதே டெல்லிதான் இந்த அனுமதியையும் கொடுத்தது. போரில் பட்ட அடி அவ்வளவு ஆழமானது.

பயணிகள் விமானமும் செய்தார்களாமே?

செய்தார்கள், அதுவும் அழகாக. ஏர் இந்தியாவின் முதல் சர்வதேச விமானம் லாக்ஹீடுடையதுதான். 1948 ஜூன் 8ஆம் தேதி, 'மலபார் பிரின்சஸ்' என்று பெயரிட்ட கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது. இரண்டு ஆண்டு கழித்து அதே விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்கில் மோதி 48 பேர் இறந்தார்கள்.

கடைசியாகச் செய்தது ட்ரைஸ்டார். 80களில் ஏர் லங்காவில் கொழும்பிலிருந்து பறந்தவர்களுக்கு நினைவிருக்கும். வால் பக்கம் மூன்றாவது எஞ்சின் வைத்த அகலமான விமானம். தொழில்நுட்பத்தில் அந்தக் காலத்துக்கு மிக முன்னால் இருந்தது. ஆனால் 250தான் விற்றது, பெரும் நட்டம். 80களின் நடுவோடு பயணிகள் விமானத் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

நிறுவனம் திவாலாகும் நிலைக்குப் போனதா?

ஒரு தடவை உண்மையாகவே திவாலானது. அது 1930களின் தொடக்கத்தில், பொருளாதாரப் பெருமந்தத்தின் போது. ராபர்ட் கிராஸ் என்பவரும் சில கூட்டாளிகளும் 1932இல் வெறும் 40,000 டாலருக்கு நிறுவனத்தை வாங்கினார்கள்.

இரண்டாவது தடவை, 1971இல், அரசு வந்து தூக்கி நிறுத்தியது. சி-5 கேலக்ஸி என்ற ராட்சதப் போக்குவரத்து விமானத்தில் செலவு எகிறியிருந்தது. விமானப்படையின் கணக்கு அதிகாரி எர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1968இல் நாடாளுமன்றக் குழு முன், 200 கோடி டாலர் வரை கூடப் போகும் என்று உண்மையைச் சொன்னார். அதற்குக் கிடைத்த பரிசு வேலை நீக்கம். திரும்பவும் உரிய வேலையைப் பெற அவர் பல ஆண்டுகள் வழக்காடினார். நட்டத்தை மறைத்தவர்களைவிடச் சொன்னவர் அதிகம் கஷ்டப்பட்டார் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

இந்த நிலையில், ட்ரைஸ்டாருக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் 1971 பிப்ரவரியில் திவாலானது. லாக்ஹீடுக்குக் கடன் கொடுத்த வங்கிகள் கையை விரித்தன. கடைசியில் 25 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க அரசு ஜாமீன் நின்றது. செனட்டில் ஆதரவு 49, எதிர்ப்பு 48. ஒரே ஒரு ஓட்டு! பிரதிநிதிகள் சபையில் 192க்கு 189. கடனைத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், ஜாமீன் நின்றதற்கு அரசுக்குக் கட்டணமும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லஞ்ச விவகாரம் என்று ஒன்று சொல்கிறார்களே?

அரசு ஜாமீன் நின்ற அதே காலத்தில் நடந்ததால்தான் அது இன்னும் கோபப்படுத்துகிறது. 1975, 76இல் அமெரிக்க செனட் குழு ஒன்று தோண்ட ஆரம்பித்தபோது, வெளிநாடுகளில் விமானம் விற்க 2 கோடி டாலருக்கு மேல் இப்படிக் கொடுத்திருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஜப்பானில் நடந்ததுதான் பெரிய கதை. லாக்ஹீடின் இரண்டாம் நிலைத் தலைவர் கார்ல் கோச்சியன் 1972இல் டோக்கியோ ஹோட்டலில் 70 நாள் போலத் தங்கி, ஆல் நிப்பான் ஏர்வேஸுக்கு ட்ரைஸ்டாரை விற்கப் பாடுபட்டார். மருபெனி என்ற வர்த்தக நிறுவனத்தின் வழியாகப் பணம் போனது. அதற்கு ரசீதும் இருந்தது. 'நூறு வேர்க்கடலை பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கடலை என்றால் பத்து லட்சம் யென். முன்னாள் பிரதமர் ககுவெய் தனாகா 1976 ஜூலையில் கைதானார். 50 கோடி யென் வாங்கியதாக 1983இல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீடு முடியும் முன்பே 1993இல் இறந்துபோனார்.

நெதர்லாந்து அரசியின் கணவர் இளவரசர் பெர்ன்ஹார்டுக்கு 11 லட்சம் டாலர் போன விவகாரத்தில், அவர் ராணுவப் பொறுப்புகளை எல்லாம் துறக்க வேண்டியிருந்தது. இத்தாலியில் சி-130 விற்பனை பற்றிய புகாரின் நிழலில் குடியரசுத் தலைவர் ஜொவானி லியோனே 1978இல் பதவி விலகினார். கோச்சியனும் தலைவர் டேனியல் ஹாட்டனும் வெளியேறினார்கள். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா 1977இல் கொண்டுவந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். இன்று உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் அந்தச் சட்டத்தை நினைத்துத்தான் கணக்கு எழுதுகின்றன.

எஃப்-35 ஏன் இவ்வளவு செலவு பிடிக்கிறது?

2001 அக்டோபரில் போயிங்கைத் தோற்கடித்து லாக்ஹீட் இந்த ஒப்பந்தத்தை வென்றது. விமானப்படை, கடற்படை, மரைன் படை மூன்றுக்கும் ஒரே விமானம் என்பது திட்டம். ஒன்றுக்கு நீளமான ஓடுபாதை உண்டு, ஒன்று கப்பலில் இறங்க வேண்டும், ஒன்று செங்குத்தாக இறங்க வேண்டும். காகிதத்தில் மிச்சம். நடைமுறையில் மூன்று விமானமாகவே பிரிந்துபோனது. அதோடு, சோதனை முடிவதற்கு முன்பே உற்பத்தியை ஆரம்பித்தார்கள். கோளாறு தெரியவந்தபோது, ஏற்கெனவே செய்து கொடுத்தவற்றையும் பிரித்துத் திருத்த வேண்டியிருந்தது.

வாங்கும் விலை அவ்வளவு பயங்கரம் இல்லை. விமானப்படை ரகம் ஒன்று ஏறத்தாழ 8 கோடி டாலர் அளவில் வந்து நின்றது. பராமரிப்புதான் ஆளை விழுங்குகிறது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2024இல் சொன்னபடி, வாழ்நாள் பராமரிப்புக்கு மட்டும் 1.58 லட்சம் கோடி டாலர். எல்லாம் சேர்த்தால் 2 லட்சம் கோடிக்கு மேல். 2023 மார்ச்சில் எந்த நேரத்திலும் பணிக்குத் தயாராக இருந்தவை நூற்றுக்கு 55 அளவுதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். திட்டம் தொடங்கிய காலத்தில் பென்டகன் இந்த விமானத்தின் முழுத் தொழில்நுட்ப விவரங்களுக்கான உரிமையை வாங்கிவைக்கவில்லை. அதனால் பல பழுதுகளைப் படையின் மெக்கானிக்குகளே சரிசெய்ய முடியாது, நிறுவனத்திடம்தான் போக வேண்டும். வீட்டுக்குப் பூட்டு வாங்கிவிட்டு, மறு சாவி செய்யும் உரிமையைக் கடைக்காரரிடமே விட்ட மாதிரி.

விமானம் மோசமா என்றால், இல்லை. ஓட்டியவர்கள் பெரும்பாலும் பாராட்டுகிறார்கள். ஏறத்தாழ 4 லட்சம் டாலர் விலையுள்ள தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு விமானி கீழே பார்த்தால், விமானத்தின் அடிப்பாகத்தை ஊடுருவி நிலம் தெரியும். சுற்றிப் பொருத்திய ஆறு கேமராக்களின் படம் கண் முன் வருகிறது. 2024 தொடக்கத்தில் ஆயிரமாவது விமானம் தொழிற்சாலையை விட்டு வந்தது. நிறுவனத்தின் விற்பனையில் கால் பங்கு இந்த ஒரே விமானத்திலிருந்து வருகிறது.

வேறு என்னென்ன செய்கிறார்கள்?

நான்கு பிரிவுகள். போர் விமானங்களும் சி-130ம் ஒரு பக்கம். ஏவுகணைகள் ஒரு பக்கம்: பேட்ரியாட் அமைப்பில் போகும் பேக்-3, தாட், உக்ரைன் போரில் பெயர் வாங்கிய ஹைமார்ஸ், ரேதியானோடு சேர்ந்து செய்யும் ஜாவலின். மூன்றாவது, சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர்களும் போர்க்கப்பல்களை ஏவுகணையிலிருந்து காக்கும் ஏஜிஸ் அமைப்பும். நான்காவது விண்வெளி. நீர்மூழ்கியிலிருந்து ஏவும் ட்ரைடென்ட் அணு ஏவுகணையும் அந்த விண்வெளிப் பிரிவில்தான் வருகிறது. மொத்தம் ஏறத்தாழ 1,21,000 பேர் வேலை பார்க்கிறார்கள்.

விண்வெளியில் இவர்கள் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்தேன். அது என்ன?

மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1999 செப்டம்பர் 23ஆம் தேதி செவ்வாயைச் சுற்ற வேண்டிய நேரத்தில் தொலைந்துபோனது. தரையில் இருந்த லாக்ஹீட் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. நாசா அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. கலம் குறித்த உயரத்தைவிட மிகத் தாழ்வாகப் போய் வளிமண்டலத்தில் மாட்டிக்கொண்டது. நாசாவின் விசாரணைக் குழு, அலகைச் சரிபார்க்காமல் விட்ட தங்கள் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொண்டது. பிசிக்ஸ் வாத்தியார் 'அலகு எழுதலைன்னா மார்க் கிடையாது' என்று சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

இதே நிறுவனத்தின் முன்னோடியான மார்ட்டின் மாரியெட்டா கட்டிய வைக்கிங் கலங்கள் 1976இல் செவ்வாயில் பத்திரமாக இறங்கியவை. பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண் எடுத்து 2023 செப்டம்பரில் பூமிக்கு அனுப்பிய ஓசைரிஸ்-ரெக்ஸ் கலமும் இவர்கள் கட்டியதுதான்.

இவர்களுக்கு லாபம் எப்படி வருகிறது?

வீடு கட்டிய எவருக்கும் இது புரியும். ஒரு முறையில், ஆகிற செலவை எல்லாம் நாம் கொடுத்து, மேலே மேஸ்திரிக்கு ஒரு தொகை கொடுப்போம். இன்னொரு முறையில், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி மொத்தமாக விட்டுவிடுவோம். முதல் முறையில் செலவு கூடினால் பாரம் நமக்கு. இரண்டாவதில் சிமென்ட் விலை ஏறினால் அடி மேஸ்திரிக்கு.

ஆயுத ஒப்பந்தங்களும் இந்த இரண்டு வகைதான். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவற்றுக்குப் பெரும்பாலும் முதல் வகை, தயாராகிவிட்ட பொருளை வரிசையாகச் செய்ய இரண்டாவது. மொத்த விலை பேசி எடுத்த ரகசியத் திட்டங்களில் லாக்ஹீட் நன்றாக அடிவாங்கியிருக்கிறது. 2024இல் லாபம் சுமார் 530 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிடக் கணிசமாகக் குறைவு. விற்பனை கூடியும் லாபம் விழுந்தது. 2025 ஜூலையில் இன்னும் 160 கோடி நட்டத்தை அறிவித்தபோது பங்கு விலை ஒரே நாளில் நூற்றுக்கு 10க்கு மேல் சரிந்தது. உலகத்தில் இரண்டு பெரிய போர்கள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 'போர் வந்தால் பங்கு ஏறும்' என்று நம்பிப் பணம் போடுபவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

அரசியல் செல்வாக்கு உண்டா?

நிறையவே. எஃப்-35க்குப் பாகங்கள் செய்யும் நிறுவனங்கள் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பரவியிருக்கின்றன. ஒரு விமானத்தைக் குறைத்தால் தன் தொகுதியில் வேலை போகும் என்று எந்தக் கட்சி உறுப்பினரும் பயப்படுவார். அது தவிர, வாஷிங்டனில் ஆதரவு திரட்ட ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் செலவு செய்கிறார்கள். அங்கே அது சட்டப்படி பதிவு செய்து செய்கிற வேலை.

இவர்களுடைய ஆயுதத்தால் பொதுமக்கள் இறந்திருக்கிறார்களா?

இறந்திருக்கிறார்கள். 2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி, ஏமனின் தாஹ்யான் ஊர்ச் சந்தையில் நின்ற ஒரு பேருந்தின் மீது சவூதி கூட்டணி விமானம் குண்டு போட்டது. சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள் வந்த பேருந்து. 40 குழந்தைகள் இறந்தார்கள். கிடைத்த சில்லுகளில் இருந்த எண்களை வைத்து, அது லாக்ஹீட் மார்ட்டின் செய்த வழிகாட்டும் குண்டு என்று சி.என்.என். செய்தி வெளியிட்டது.

நாங்கள் அரசு அனுமதித்தவர்களுக்கு விற்கிறோம், பயன்படுத்துவது அவர்கள் பொறுப்பு என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பதில். சட்டப்படி அது செல்லும். என்னால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. செய்கிறவர், விற்க அனுமதிக்கிறவர், போடுகிறவர் என்று மூன்று கை மாறும்போது, அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லாமல் போய்விடுகிறார்கள். நார்வேயின் அரசு எண்ணெய் நிதி 2005இலேயே, கொத்துக் குண்டுகளைக் காரணம் காட்டி, இந்த நிறுவனத்தின் பங்குகளை விலக்கி வைத்தது. அதே நார்வேயின் விமானப்படை 52 எஃப்-35 வாங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தியாவோடு என்ன தொடர்பு?

முதலில் எதிர்ப் பக்கத்தில்தான் பார்த்தோம். 1965, 71 போர்களில் பாகிஸ்தான் லாக்ஹீடின் ஸ்டார்ஃபைட்டர்களைப் பறக்கவிட்டது. இந்தியாவும் அந்த விமானத்தைக் கேட்டது, அமெரிக்கா தரவில்லை. நாம் மிக்-21 பக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

90களில் தேஜஸ் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக நம் பொறியாளர்கள் அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டினோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1998 மே மாதம் பொக்ரான் சோதனை நடந்ததும் பொருளாதாரத் தடை வந்தது, நம்மவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெங்களூருவில் மிச்ச வேலையை நம் ஆட்களே முடித்து, 2001 ஜனவரியில் தேஜஸ் பறந்தது. இந்தத் துறையில் யாரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு எங்கள் தலைமுறை கற்ற பாடம் அது.

பிறகு காற்று மாறியது. 2008இல் ஆறு சி-130ஜே வாங்கினோம், பின்னாலும் வாங்கினோம். 2013 ஆகஸ்டில் அதில் ஒன்று லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,614 அடி உயரத்தில் இறங்கியது. கடற்படை 24 எம்.எச்-60ஆர் ஹெலிகாப்டர்களுக்கு 2020இல் ஒப்பந்தம் போட்டது. முதல் அணி 2024 மார்ச்சில் கொச்சியில் சேர்ந்தது. ஹைதராபாத்தில் டாட்டாவோடு சேர்ந்து நடத்தும் தொழிற்சாலையில்தான் உலகத்தில் புதிதாக வரும் சி-130ஜேக்களின் வால் பகுதி தயாராகிறது. 2019இல் எஃப்-16ஐ மெருகேற்றி 'எஃப்-21' என்று பெயர் மாற்றி நமக்குக் காட்டினார்கள். 2025 பிப்ரவரியில் எஃப்-35க்கே வழி திறப்போம் என்று டிரம்ப் சொன்னார். வாங்குவதற்கு முன், மேலே சொன்ன பூட்டு சாவி விவகாரத்தை டெல்லி நன்றாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்தியர்கள் அங்கே வேலைக்குச் சேர முடியுமா?

அமெரிக்காவில் பெரும்பாலான பணிகளுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஆயுதத் தொழில்நுட்ப ஏற்றுமதிச் சட்டம் அப்படி. ரகசியத் திட்டங்களுக்குக் குடியுரிமை கட்டாயம். மாணவர் விசாவிலோ எச்1பியிலோ இருப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் இருந்துகொண்டே இந்தத் துறையில் வேலை பார்க்க வேண்டும் என்றால் ஹைதராபாத் வழி இருக்கிறது.

இத்தனை விமானங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

எல்லோரும் பிளாக்பேர்டைச் சொல்வேன் என்று நினைப்பார்கள். என் மனசு சி-130 பக்கம்தான். 1954இல் முதலில் பறந்தது, இன்றைக்கும் ஜார்ஜியாவின் மாரியெட்டாவில் உற்பத்தி நடக்கிறது. அதன் வடிவமைப்பைப் பார்த்துவிட்டு, இது கம்பெனியையே கவிழ்த்துவிடும் என்று கெல்லி ஜான்சன் எதிர்த்தாராம். அவ்வளவு பெரிய மேதைக்கும் அது பிடிபடவில்லை.

1975 ஏப்ரல் 29ஆம் தேதி, சைகோன் விழும் நேரத்தில், தென் வியட்நாம் விமானப்படையின் ஒரு சி-130 கிளம்ப நின்றது. தொண்ணூறு பேர் போல ஏற வேண்டிய விமானத்தில் குடும்பம் குடும்பமாக ஏறிக்கொண்டே இருந்தார்கள். பின்கதவை மூட முடியவில்லை. விமானி கொஞ்சம் முன்னே ஓட்டி, சட்டென்று பிரேக் போட்டார். நின்றவர்கள் எல்லாம் முன்பக்கம் சரிந்தார்கள், கதவு மூடியது. ஓடுபாதை தீரும் இடத்தில்தான் சக்கரம் தரையை விட்டது. தாய்லாந்தில் இறங்கி எண்ணிப் பார்த்தபோது உள்ளே 452 பேர் இருந்தார்கள். விமானி அறையில் மட்டும் 32 பேர்.